பிரேக் பெடல் கல்லாக இறுகினால் எதை மாற்றுவது: ஹோஸா, பம்பா, பூஸ்டரா?

பெடல் இறுகிவிட்டது என்றதும் முதல் பழி, மிதிக்கும் காலுக்கு உதவிவிசை தரும் பூஸ்டர் மேல்தான் விழும். அதைக் கழற்றிப் புதிது மாட்டிய பிறகும் பெடல் அசையாமல் நிற்க, கடைசியில், பூஸ்டரை இயக்கும் வேக்குவத்தை (காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடம்) அதற்குக் கொண்டுவரும் இரண்டு சாண் நீள ரப்பர் ஹோஸ்தான் குற்றவாளி என்று தெரியவரும். அந்த ஹோஸையோ, அதோடு சேர்ந்து காற்றை ஒரே பக்கம் மட்டும் விடும் ஒருவழி வால்வையோ மாற்ற பத்து நிமிடம் போதும். பூஸ்டர் என்றால் டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்து அரை நாள் வேலை. இரண்டுக்கும் அறிகுறி ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் ஊகத்தில் சாமான் வாங்கினால் கைப்பொருள் போகும். வேக்குவம் எங்கே தொலைகிறது என்று அளந்து பார்த்தால், எதை மாற்றுவது என்ற கேள்வி பெரும்பாலும் தானாகத் தீர்ந்துவிடும்.

இறுக்கம் மூன்று வகை

முதல் வகையில் பெடல் உயரத்திலேயே நிற்கும், பலம் கொடுத்து மிதித்தாலும் வண்டி மெதுவாகத்தான் நிற்கும். உதவிவிசை இல்லை என்று அர்த்தம். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி இதைப் பற்றியதே.

இரண்டாவது வகையில் பெடல் வழக்கம்போல இறங்கும், காலுக்குக் கெட்டியாகவும் இருக்கும், ஆனால் பிரேக் பிடிமானம் குறைவு. கோளாறு சக்கரத்துப் பக்கம்: பேட், அதை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர், சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் கொண்டுபோகும் பிரேக் ஹோஸ்.

மூன்றாவது வகையில் பெடல் உயரமாக நிற்பதோடு பிரேக்கும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ஓட ஓடச் சூடேறி இன்னும் இறுகும். பூஸ்டரின் விசையை முன்னால் தள்ளும் தண்டான புஷ்ராடின் நீளம் தவறாக இருக்கலாம், பிரேக் ஆயிலில் வேறு எண்ணெய் கலந்திருக்கலாம். வேக்குவத்தோடு இதற்குத் தொடர்பே இல்லை. இந்த நிலையில் பூஸ்டர் வாங்குவது வீண்.

பூஸ்டர் எவ்வளவு வேலை செய்கிறது

பூஸ்டருக்குள் ஒரு ரப்பர் டயஃப்ரம், அதன் இருபுறமும் இரண்டு அறைகள். பெடலை மிதிக்காதபோது இரண்டு அறையிலும் வேக்குவம். மிதித்ததும் பின்னறைக்குள் வெளிக்காற்று நுழைகிறது, முன்னறையில் வேக்குவம் அப்படியே நிற்கிறது. இந்த அழுத்த வேறுபாடுதான், பிரேக் ஆயிலை அழுத்திச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளுகிறது. 23 செ.மீ. விட்டமுள்ள டயஃப்ரத்தின் பரப்பு சுமார் 415 சதுர செ.மீ. வேக்குவம் 500 மி.மீ. பாதரசம் (வேக்குவத்தை அளக்கும் அலகு, இனி மி.மீ. மட்டும்) என்றால் ஒரு சதுர செ.மீ.க்கு 0.68 கிலோ வீதம், கணக்குப்படி 280 கிலோவுக்கு மேல் தள்ளுவிசை. வேக்குவம் 250 மி.மீ.க்கு இறங்கினால் அதில் பாதிதான். டயஃப்ரம் கிழியாமல் புதுசு போலவே இருந்தாலும் பெடல் பாதி கல்லாகிவிடுவது இதனால்தான்.

பூஸ்டரே இல்லாத பழங்கால வண்டிகளை ஓட்டினார்களே என்று கேட்கலாம். அவற்றில் பெடலின் நெம்புவிகிதம், அதாவது காலின் விசையைப் பெடல் எத்தனை மடங்காக்குகிறது என்பது, 6-க்கு 1 அளவில் இருந்தது. பூஸ்டர் உள்ள வண்டிகளில் அது 4-க்கு 1 அளவுக்குக் குறைக்கப்பட்டது. ஆகவே பூஸ்டர் செத்த புதுவண்டியை நிறுத்துவது, பூஸ்டரே இல்லாத பழைய வண்டியை நிறுத்துவதைவிடக் கடினம். 'கொஞ்ச நாள் பலமா மிதிச்சு ஓட்டிக்கலாம்' என்பதை ஒரு வழியாகவே எண்ண வேண்டாம். வண்டியைக் கட்டி இழுத்துப் போக வேண்டும்.

காசு செலவில்லாத மூன்று சோதனைகள்

இன்ஜினை நிறுத்திவிட்டு, பெடல் கெட்டியாகும் வரை நாலைந்து முறை மிதியுங்கள். கடைசி மிதியில் காலை எடுக்காமல் மிதமான அழுத்தத்தோடு இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். உதவிவிசை வந்தால் பெடல் ஓரிரண்டு செ.மீ. தானாக இறங்கும். இறங்கவில்லை என்றால் பூஸ்டருக்கு வேக்குவம் வரவில்லை, அல்லது வந்தும் பூஸ்டர் அதைப் பயன்படுத்தவில்லை. இறங்கிவிட்டதா? அப்போதைக்குப் பூஸ்டரை விட்டுவிட்டுச் சக்கரத்துப் பக்கம் பாருங்கள்.

அடுத்தது, இன்ஜினை ஓரிரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் காத்திருந்து மிதியுங்கள். முதல் மிதி ஆழமாகவும் இரண்டாவது, மூன்றாவது படிப்படியாக உயரமாகவும் இருந்தால் வேக்குவம் தங்குகிறது. முதல் மிதியே கல் என்றால் எங்கோ ஒழுகுகிறது, பெரும்பாலும் ஒருவழி வால்வில். பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வண்டிகளில் இதற்கு ஒரு வேடிக்கையான வெளிப்பாடு உண்டு. காலையில் பெடல் இறங்காததால் பிரேக் லைட் சுவிட்ச் தட்டாது, 'பிரேக்கை மிதிக்கவும்' என்று வண்டி சொல்லிக்கொண்டே இருக்கும். பேட்டரி மேல் சந்தேகம் போகும்.

மூன்றாவதாக, இன்ஜின் ஓடும்போது பெடலை மிதித்துப் பிடித்தபடியே இன்ஜினை நிறுத்தி 30 நொடி பொறுங்கள். பெடல் அசையக் கூடாது. காலை மேலே தள்ளினால் வேக்குவம் ஒழுகுகிறது. மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரிலோ பைப்பிலோ பிரேக் ஆயில் கசிகிறது. பின்னது வேறு கோளாறு, அவசரமும் அதிகம்.

இத்தனையும் செய்து முடித்தபின்தான் கேஜ். ஒரு வேக்குவம் கேஜையும் டி-வடிவ இணைப்பையும் வாங்கிப் பூஸ்டருக்கும் ஒருவழி வால்வுக்கும் நடுவே மாட்டினால், மேலே ஊகமாக இருந்ததெல்லாம் எண்ணாகிவிடும். நல்ல நிலையிலுள்ள பெட்ரோல் இன்ஜின் ஐட்லிங்கில், கடல்மட்ட உயரத்தில், 430 முதல் 530 மி.மீ. வரை காட்டும். மலைப்பகுதியில் 300 மீட்டர் ஏற ஏற ஏறக்குறைய 25 மி.மீ. குறையும், அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வேக்குவத்துக்கெனத் தனிப் பம்ப் உள்ள இன்ஜினில் 600 மி.மீ.க்கு மேல் எதிர்பார்க்கலாம். பிறகு இன்ஜினை நிறுத்தி முள்ளைக் கவனியுங்கள். 500 மி.மீ.யிலிருந்து 15 நொடியில் 25 மி.மீ.க்குள் இறங்கினால் பல தயாரிப்பாளர்களின் அளவுக்குள் வரும். அதைவிட வேகமாக இறங்கினால் கேஜுக்கு முன்னால், இன்ஜின் பக்கத்து ஹோஸைக் கிளாம்பால் நசுக்கிப் பிடித்து மறுபடி பாருங்கள். இப்போது முள் நின்றால் குற்றம் வால்வு மேல், நிற்காமல் இறங்கினால் பூஸ்டர் மேல். கெட்டிப் பிளாஸ்டிக் பைப் போட்ட வண்டிகளில் நசுக்க முடியாது. அங்கே கையால் இயக்கும் வேக்குவம் பம்பை நேரே பூஸ்டரில் மாட்டிப் பார்ப்பதுதான் வழி.

ஹோஸும் ஒருவழி வால்வும்

செலவு குறைவு, ஆபத்து குறைவு, தவறாகிப்போனாலும் நட்டமில்லை. சந்தேகம் வந்தாலே மாற்றிவிடலாம் என்று சொல்லத்தக்க ஒரே பகுதி இதுதான். வால்வைக் கழற்றி ஊதிப் பாருங்கள். பூஸ்டர் பக்கத்திலிருந்து இன்ஜின் பக்கம் காற்று போக வேண்டும், எதிர்த்திசையில் துளியும் போகக் கூடாது. வால்வின் உடம்பில் உள்ள அம்புக்குறி இன்ஜினைப் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் உதவிவிசை அறவே வராது. வால்வு உட்காரும் ரப்பர் வளையத்தை மறந்துவிடுகிறார்கள். அது வயதாகிக் கெட்டிப்பட்டால் புது வால்வும் ஓரத்தில் ஒழுகும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஹோஸ் ஏமாற்றும் சாமான். வெளியே பளபளப்பாக இருந்துகொண்டே உள்ளே படலம் உரிந்து வழியை அடைக்கும். சூடேறியதும் இளகி, வேக்குவத்தில் உட்குழிந்து ஒட்டிக்கொள்ளும். காலையில் பெடல் நன்றாக இருந்து, அரைமணி நேரம் ஓடியபின் இறுகுகிறது என்றால் முதல் சந்தேகம் ஹோஸ் மேல் வர வேண்டும். மாற்றும்போது பெட்ரோல் ஹோஸை வெட்டிப் போடக் கூடாது. அது உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தத்துக்குச் செய்யப்பட்டது, உறிஞ்சினால் நசுங்கும். பழையதன் உள்விட்டத்தை அளந்து, வேக்குவத்துக்கென்றே உள்ள ஹோஸை வாங்குங்கள். சில வண்டிகளில் ஒருவழி வால்வு ஹோஸுக்குள்ளேயே இருக்கும். அதைத் தெரியாமல் வெறும் ஹோஸ் மாட்டினால் இன்ஜின் ஓடும்வரை எல்லாம் சரியாக இருக்கும், நின்றதும் சேமிப்பு காலி.

பம்பா, இன்ஜினா

பெட்ரோல் இன்ஜினில், சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்த்தொகுதியான மேனிஃபோல்டிலிருந்தே வேக்குவம் வருகிறது. ஐட்லிங்கில் கேஜ் 400-க்குக் கீழே நின்றால் பிரேக்கை விட்டுவிட்டு இன்ஜினைப் பாருங்கள்: மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் காற்றுக் கசிவு, டைமிங் பிசகு, தேய்ந்த சிலிண்டர். இங்கே புதுப் பூஸ்டர் ஒன்றும் செய்யாது.

டீசல் இன்ஜினிலும், பல நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் இன்ஜின்களிலும் தனிப் பம்ப் உண்டு. பெரும்பாலும் கேம்ஷாஃப்ட் நுனியிலும், சில பழைய டீசல்களில் ஆல்டர்னேட்டரின் முதுகிலும் இருக்கும். பம்ப் தேய்ந்தால் ஐட்லிங்கில் பெடல் இறுகும், ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் இளகும். அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை மிதித்ததும் கல்லாகிவிட்டு, சற்றுப் பொறுத்தால் சரியாகும். ஆனாலும் பம்பை வாங்குமுன் ஒன்று செய்தாக வேண்டும். டீசலில் இதே வேக்குவம் டர்போவைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டருக்கும், புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பிவிடும் ஈஜிஆர் வால்வுக்கும் சிறு குழாய்களில் பிரிந்து போகிறது. அந்தக் கிளைகளை ஒவ்வொன்றாக அடைத்துக் கேஜைப் பாருங்கள். ஏதாவது ஒன்றை அடைத்ததும் முள் ஏறினால் பம்ப் நல்ல பம்ப், வெடித்தது பென்சில் பருமன்கூட இல்லாத ஒரு ரப்பர் குழாய்.

பம்புக்கு உயவு இன்ஜின் ஆயில்தான். அந்த ஆயில் போகும் வழியில் பல இன்ஜின்களில் சின்ன வலை இருக்கும். ஆயில் மாற்றாமல் ஓட்டிய இன்ஜினில் கசடு அதை அடைக்கும். ஆயிலுக்குள்ளேயே ஓடும் டைமிங் பெல்ட் உள்ள சில இன்ஜின்களில் பெல்ட் உதிர்ந்த துகள்கள் அடைக்கும். அப்படியிருந்தால் பம்பை மட்டும் மாற்றினால் புதுப் பம்பும் அதே வழியில் போகும். வலையைச் சுத்தம் செய்து, பெல்ட்டின் நிலையையும் பார்த்தே ஆக வேண்டும்.

மாட்டுவது எளிது: இரண்டு மூன்று போல்ட், புது கேஸ்கெட் அல்லது ஓ-ரிங். பம்பின் நாக்கு கேம்ஷாஃப்ட் வெட்டில் கையாலேயே உட்கார வேண்டும். உட்காராததைப் போல்ட்டை முடுக்கி இழுத்தால் நாக்கு உடையும். மாட்டுமுன் பம்புக்குள் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டால் முதல் ஸ்டார்ட்டில் வறண்டு சுற்றாது. மின்சாரப் பம்ப் என்றால் ஃபியூஸ், ரிலே, வேக்குவம் சென்சார் மூன்றையும் முதலில் பாருங்கள். விட்டுவிட்டு ஓட வேண்டிய பம்ப் ஓயாமல் ஓடினால் அது கெட்டுப்போகவில்லை, எங்கோ ஒழுகும் காற்றோடு மல்லுக்கட்டுகிறது. அந்த ஒழுகலை அடைக்காமல் விட்டால் சீக்கிரம் கெட்டுவிடும்.

பூஸ்டர்: புதியதா, புதுப்பித்ததா, பழையதா

பெடலை மிதித்துப் பிடித்திருக்கும் நேரம் முழுக்கக் காலடியில் 'உஸ்ஸ்' என்ற சத்தம், மிதித்ததும் ஐட்லிங் தடுமாற்றம், கேஜில் மிதித்தபோது மட்டும் சரிகிற முள்: இவை சேர்ந்திருந்தால் பூஸ்டர் போனதுதான். மிதிக்கும் கணத்தில் மட்டும் கேட்கும் மெல்லிய மூச்சுச்சத்தம் இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

வாங்குமுன் பூஸ்டர் ஏன் செத்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெடலைப் பலமுறை மிதித்து வேக்குவத்தைக் காலி செய்துவிட்டு, மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டையும் கழற்றி, பைப்புகளை வளைக்காமல் மெல்ல முன்னால் இழுத்துப் பின்பக்கம் பாருங்கள். ஈரமாக இருந்தால் மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் கசிந்து, பிரேக் ஆயில் பூஸ்டருக்குள் போய் ரப்பரைக் கெடுத்திருக்கிறது. வெளியே சொட்டுக்கூடச் சிந்தாமல் டப்பாவில் ஆயில் குறைந்துகொண்டே வந்ததற்கும் இதுதான் காரணம். அப்போது மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பூஸ்டரை மட்டும் மாற்றினால் அடுத்ததும் அதே வழிதான். உள்ளே தண்ணீர் நின்றிருந்தால் முன்கண்ணாடிக்குக் கீழுள்ள வடிகால் துளைகளில் இலைச்சருகு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றில் எங்கள் முதல் தேர்வு புதியதுதான், அதிலும் வண்டித் தயாரிப்பாளரின் பாக எண்ணோடு ஒத்துப்போவது. புதுப்பித்த பூஸ்டர் இரண்டாவது. புஷ்ராடு நீளம் ஆலையிலேயே சரிபார்க்கப்பட்டு, உத்தரவாதத்தோடு வந்தால் மட்டும் நம்பலாம். உங்கள் பூஸ்டரையே உள்ளூர்ப் பட்டறையில் பிளந்து டயஃப்ரம் மட்டும் மாற்றுவது இதில் சேராது. இரண்டு தகட்டு ஓடுகளும் விளிம்பில் மடித்து அடைக்கப்பட்டவை, உள்ளே பலமான ஸ்பிரிங் இருக்கிறது. அதற்கான கருவி இல்லாமல் திறந்தால் ஆபத்து, திரும்ப மடித்த விளிம்பும் ஒழுகும். பழைய வண்டியிலிருந்து எடுத்தது கடைசி. அதன் ரப்பருக்கும் உங்களுடையதன் வயதுதான். வேறு கிடைக்காத மாடலுக்கு அதுதான் வழி என்றால், கை பம்பால் 500 மி.மீ. இழுத்து 15 நொடி நிறுத்திப் பார்த்த பிறகே காசு கொடுங்கள். பெரிய அளவுப் பூஸ்டரை எடுத்துப் போட்டால் பிரேக் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்பது பலருக்கு வரும் ஆசை. ஒரே வண்டியின் வேறு வகைக்குக்கூட டயஃப்ரம் அளவும் புஷ்ராடு நீளமும் மாறும். வேண்டாம்.

மாட்டுவதில் மூன்று இடத்தில் வேலை கெடும். புஷ்ராடு முனைக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் இடைவெளி பெரும்பாலான வண்டிகளில் அரை மி.மீ.க்கும் குறைவு. சரியான எண்ணைக் கையேட்டில் பார்த்து, ஆழம் அளக்கும் வெர்னியரால் இரண்டு பக்கமும் அளந்து கழியுங்கள். நீளம் கூடினால் பெடலை விட்ட பிறகும் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது, ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் துளை மூடியே இருக்கும், பிரேக் விடாது. குறைந்தால் பெடல் கொஞ்ச தூரம் வெறுமனே போகும். அடுத்து, பல வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் கழுத்திலுள்ள ஓ-ரிங்தான் பூஸ்டரின் வேக்குவத்தையும் அடைக்கிறது. பழையதையே போட்டுவிட்டு, புதுப் பூஸ்டர் ஒழுகுகிறது என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் உண்டு. மூன்றாவது, பெடலில் மாட்டும் பின்னின் ஸ்பிளிட் பின் அல்லது கிளிப். வளைத்து எடுத்ததைத் திரும்பப் போடக் கூடாது. அது கழன்றால் பிரேக்கே இல்லை.

பிரேக் பைப்பைத் திறக்காமல் வேலை முடிந்தால் ஏர் எடுக்க (உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற) தேவையில்லை. திறந்தே ஆக வேண்டுமென்றால் சாதாரண ஸ்பானர் வேண்டாம், நட்டின் முனை உருண்டுவிடும். பைப் நட்டுக்கென உள்ள வெட்டுவாய் ரிங் ஸ்பானரைப் பயன்படுத்துங்கள்.

சக்கரத்துப் பக்கம்

பேட் முகம் கண்ணாடிபோல மினுங்கினால் சூட்டில் கெட்டுவிட்டது. உப்புத்தாளால் தேய்த்தால் சில நாளுக்குத்தான் சரியாகும், மாற்றுவதே மேல். ஆயிலோ கிரீஸோ ஊறிய பேட்டைச் சுத்தம் செய்யவே முயல வேண்டாம். காலிப்பர் நழுவும் பின்கள் கையால் தள்ளினால் நகர வேண்டும். துரு இருந்தால் சுத்தம் செய்து, பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண பெட்ரோலிய கிரீஸ் ரப்பர் உறையை ஊதவைத்து, சில மாதத்தில் பின்னை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும்.

ஒரு சக்கரம் மட்டும் பிரேக்கை விடாமல் சூடாகிறதா? அதன் ஏர் எடுக்கும் நிப்பிளைத் தளர்த்துங்கள். ஆயில் பீய்ச்சிச் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே மாட்டியிருந்தது, வளையும் பிரேக் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கக் கூடும். அப்போதும் விடவில்லை என்றால் காலிப்பரின் பிஸ்டனோ பின்னோ சிக்கியிருக்கிறது. எல்லாச் சக்கரமும் இப்படியென்றால் டப்பா மூடியின் ரப்பரைத் தொட்டுப் பாருங்கள். அது ஊதி நெளிந்திருந்தால் யாரோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ இன்ஜின் ஆயிலையோ ஊற்றியிருக்கிறார்கள். ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை. அதில் நனைந்த ரப்பர் அத்தனையும் போக வேண்டும், மாஸ்டர் சிலிண்டர் முதல் காலிப்பர் சீல் வரை. சில சமயம் வண்டியின் மதிப்பையும் வேலையின் செலவையும் தட்டில் வைத்துப் பார்க்கவேண்டிய கட்டம் இது.

மின்சார வண்டிகளிலும் ஹைபிரிட் வண்டிகளிலும் பெரும்பாலும் வேக்குவமே கிடையாது. மோட்டாரோ அழுத்த ஆயிலோ உதவிவிசை தருகிறது. மேலே சொன்ன சோதனைகள் அங்கே பொருந்தா. ஸ்கேனர் இல்லாமல் ஸ்பானரைத் தொடக் கூடாது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே பெடல் இறுகினால் திரும்பத் திரும்ப மிதிக்காதீர்கள். ஒருவழி வால்வு சேமித்து வைத்தது இரண்டு மூன்று மிதிக்குத்தான் காணும். ஒரே மிதியாக, இரண்டு காலாலும், விடாமல் அழுத்திக்கொண்டே கியரைக் குறையுங்கள். தேவைப்பட்டால் கைபிரேக்கைப் படிப்படியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்திவிடாதீர்கள். பவர் ஸ்டியரிங்கும் கூடவே போய்விடும்.

எந்தப் பாகத்தை மாற்றினாலும் வேலை முடிந்ததும் மூன்று சோதனைகளையும் மறுபடி செய்யுங்கள். பூஸ்டரோ மாஸ்டர் சிலிண்டரோ மாற்றியிருந்தால் இன்னொன்றும் வேண்டும். வெறிச்சோடிய சாலையில் மெதுவான வேகத்தில் பத்துப் பதினைந்து முறை பிரேக் பிடித்துச் சூடாக்கி, சமதளத்தில் நியூட்ரலில் விட்டுக் கையால் தள்ளிப் பாருங்கள். குளிர்ந்தபோது நகர்ந்த வண்டி சூட்டில் நகர மறுத்தால் புஷ்ராடு நீளம் கூடுதல். மாஸ்டர் சிலிண்டரின் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தியதும் சக்கரம் விட்டால் சந்தேகமே வேண்டாம். திரும்பக் கழற்றி அளந்து சரிசெய்யாமல் சாலையில் இறக்காதீர்கள்.